மைலேஜ் பேச்சு

செங்கம் தாண்டி, சிங்காரப்பேட்டைக்கு முன்னால், சாலையின் இரண்டு பக்கமும் காடு வருகிற இடத்தில் வண்டி இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. மேடாக இருந்திருந்தால் மேட்டின்மேல் பழியைப் போட்டிருக்கலாம். தரை பாய் விரித்ததுபோல இருந்தது. உருண்ட வேகத்திலேயே ஒரு புளியமரத்தடியில் ஒதுக்கிவிட்டு சாவியைத் திருப்பினேன். திருப்பத் திருப்பக் குரல் இறங்கிக்கொண்டே போயிற்று. டீசல் தீர்ந்துவிட்டது. தீரப்போகிறது என்று செங்கத்திலேயே மஞ்சள் விளக்கு எரிந்து சொன்னது. பங்க்கைப் பார்த்துக்கொண்டே தாண்டி வந்த புத்திசாலி நான்தான்.

பக்கத்து சீட்டில் நந்தினி முறுக்கு டின்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தை மாதம் கட்டிக்கொடுத்த என் ஒரே மகள். ஆடிக்கு வீட்டுக்கு அழைத்துவந்து, ஆவணி பிறந்ததும் கிருஷ்ணகிரியில் மாமியார் வீட்டில் விடுவதற்காகக் கொண்டுபோய்க்கொண்டிருந்தேன். பின் சீட்டுகளை மடக்கி, அரிசி மூட்டை, வெல்லம், பித்தளை அண்டா என்று என் மனைவி உண்ணாமலை சீரை அடுக்கியிருந்தாள். அடுக்கியவள் வழியனுப்ப வாசலுக்கு வரவில்லை. முழங்கால் வலி என்றாள்.

"வண்டிக்குக் களைப்பா இருக்குதாம், கொஞ்சம் ரெஸ்ட்டு கேக்குது" என்றேன். நந்தினி சிரிக்கவில்லை. இறங்கிப் போய் மரத்தின் வேரில் உட்கார்ந்துகொண்டாள்.

நான் திருவண்ணாமலையில், வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் கிளார்க். ஃபைலை நகராமல் வைத்திருப்பதையே தொழிலாகக் கொண்டவனுக்கு நகருகிற பொருள் ஒன்று சொந்தமாகக் கிடைத்ததும் தலைகால் புரியவில்லை. எட்டுப் பேர் உட்காரலாம். வீட்டில் இருந்தது மூன்று பேர். டேங்க் ஐம்பத்து மூன்று லிட்டர் பிடிக்கும். ஒருநாளும் நான் அதை ரொப்பியதில்லை. டீசலும் எடைதானே, அந்த எடையை இழுக்கவே டீசல் ஜாஸ்தி ஆகாதா என்பது என் ஆராய்ச்சி. இறக்கம் கண்டால் நியூட்ரலில் விட்டுவிடுவேன். ஏசி போட்டால் மைலேஜ் கம்மி என்பதால் ஏசி விருந்தாளிகளுக்கு மட்டும். இந்த மனுஷன் பட்டினி போட்டே வண்டி வளக்கறாரு என்று உண்ணாமலை தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தாள்.

இந்த ஆராய்ச்சியை மதித்த ஒரே ஜீவன் என் மாப்பிள்ளை குமரேசன். மாம்பழக்கூழ் கம்பெனியில் சூப்பர்வைசர். பெண் பார்க்க வந்த அன்றைக்கே வாசலில் வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்து, எவ்வளவு கொடுக்கிறது என்று கேட்டவன். அதன்பிறகு நான் கிருஷ்ணகிரிக்குப் போகும்போதெல்லாம் அவர்கள் வீட்டுக் கூடத்தில் எங்களுக்குள் மைலேஜ் பேச்சுதான். லோடு ஏற்றினால் எவ்வளவு, மலையில் ஏறினால் எவ்வளவு, டயரில் காற்று குறைந்தால் எவ்வளவு. அவன் சிரிப்பான், மறுப்பான், கணக்குப் போடுவான். காபி இரண்டு தடவை வரும். இவனைப்போல மனசு விட்டுப் பேசுகிற மாப்பிள்ளை யாருக்குக் கிடைப்பான் என்று ஆபீசில் பீற்றிக்கொண்டு திரிந்தேன். இந்தத் தடவை, போன மாதம் போட்ட டீசலிலேயே கிருஷ்ணகிரி வந்து காட்டுகிறேன் என்று அவனிடம் போனில் சவால் வேறு விட்டிருந்தேன். செங்கம் பங்க்கைத் தாண்டியதற்கு அதுதான் காரணம். ஆடி மாதம் முழுக்க மகளுக்காக ஏசி போட்டு ஊர் சுற்றியதும், பின்னால் அண்டாவும் அரிசியும் இருப்பதும் என் கணக்கில் ஏறவில்லை.

ஆவணி பிறந்தால் மாப்பிள்ளை வந்து அழைத்துப்போவதுதான் முறை. குமரேசன் வரவில்லை. கம்பெனியில் வேலை ஜாஸ்தி என்று அவன் அம்மா போனில் சொன்னார். மாங்காய் சீசன்தான் முடிந்துவிட்டதே என்று உண்ணாமலை சுவரைப் பார்த்துச் சொன்னாள். மாதம் முழுக்க அவள் என்னை விரட்டிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் பெண்ணை நல்லபடியாக வைத்திருக்கிறார்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள், என்னிடம் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறாள், நீங்கள் கேட்டால் சொல்லுவாள் என்று. நான் கேட்காமல் இல்லை. பேப்பரைப் பிரித்துக்கொண்டே கேட்டேன், பல் விளக்கிக்கொண்டே கேட்டேன். இருக்கேன்பா என்றாள். சரி, இருக்கிறாள் என்று போய் வண்டியைக் கழுவினேன். எங்கள் வீடு செங்கம் ரோட்டில், ஆசிரமம் தாண்டி. பௌர்ணமியன்று கிரிவலம் போகிற கூட்டத்தை மாடியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தவள், எவ்வளவு பேர் ஒருத்தரோடு ஒருத்தர் பேசிக்கொண்டே போகிறார்கள் என்று அம்மாவிடம் சொன்னாளாம். உண்ணாமலை அதை என்னிடம் வந்து சொன்னபோது, பேசிக்கொண்டே நடந்தால் கால் வலி தெரியாது என்று விளக்கம் கொடுத்தேன்.

புல்லுக்கட்டை வைத்துக்கொண்டு மொபெட்டில் ஒருவர் வந்தார். கண்ணாயிரம் என்று பேர் சொன்னார். வண்டி மக்கரா என்று கேட்டார். டீசல் இல்லை என்றேன். வண்டியை முன்னும் பின்னும் பார்த்தார்.

"இம்மாம் பெரிய வண்டி வெச்சிக்கினு இன்னா சார் இது."

"வண்டி பெருசுதாங்க. ஓட்டறவனுக்கு மூள உங்க மொபெட் டேங்க் அளவுதான்" என்றேன்.

புல்லுக்கட்டை எங்கள் காவலில் இறக்கிவைத்துவிட்டு, வண்டியில் கிடந்த காலி கேனையும் டீசலுக்குப் பணத்தையும் வாங்கிக்கொண்டு சிங்காரப்பேட்டைப் பக்கம் போனார்.

நந்தினி டின்னைத் திறந்து ஒரு முறுக்கை என்னிடம் நீட்டினாள். அது அவர்கள் வீட்டுச் சீர் என்றேன். பரவாயில்லை, சாப்பிடு என்றாள். அவளும் ஒன்றை எடுத்து, தின்னாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்பா, டேங்க்க ரொப்பினா எவ்ளோ தூரம் போலாம்?"

என் வீட்டிலிருந்து ஒருவர் முதல்முதலாக அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். வாயில் முறுக்கோடு உற்சாகமாக ஆரம்பித்தேன். ஏசி இல்லாமல், லோடு இல்லாமல், நான் ஓட்டினால் அறுநூற்றைம்பது கிலோமீட்டர். நம் வீட்டு வாசலில் கிளம்பினால் கன்னியாகுமரி போயும் மிச்சம் இருக்கும். அதற்கப்புறம் கடல். கடலில் என்ன கொடுக்கும் என்று கம்பெனிக்காரன் சொல்லவில்லை.

"அவரும் அந்தக் கணக்குதான் சொன்னாரு. ஆடிக்கு நீ கூப்ட வந்தியே, அன்னிக்கி. சமையல்கட்டுல நின்னு கேட்டேன்."

மாப்பிள்ளை நன்றாகப் பேசுவார் என்றேன்.

"உங்கிட்ட பேசுவாரு" என்றாள். கையிலிருந்த முறுக்கை ஒவ்வொரு சுற்றாக ஒடித்து டின்னுக்குள் போட்டாள். "எங்கிட்ட பேசறதில்லப்பா. மாசி மாசத்துலேர்ந்து. சண்ட இல்ல, அடி இல்ல, ஒரு திட்டுகூட இல்ல. சோறு வெச்சா சாப்டுவாரு. எதுனா வேணும்னா அவங்க அம்மாகிட்ட சொல்லுவாரு. அவங்க எங்கிட்ட சொல்லுவாங்க. நான் அங்கியேதான் நின்னுனு இருப்பேன்."

என்ன காரணம் என்று கேட்டேன். கேட்டாளாம். அதற்கும் பதில் இல்லையாம். மாமியாரிடம் கேட்டதற்கு, அவன் சுபாவம் அது, போகப்போகச் சரியாகும் என்றாராம்.

"நீ வந்தாதான் அவரு குரல நான் கேப்பேன். அதுக்கோசரமே நீ எப்ப வருவேனு பாத்துனு இருப்பேன். நீங்க மைலேஜ் பேசறப்ப கொழாயக்கூட தொறக்கமாட்டேன். தண்ணி சத்தத்துல கேக்காம போயிடும்னு."

எனக்கு எதற்கும் ஒரு தமாஷ் வந்துவிடும். அப்பா செத்த அன்று பாடை கட்டும்போதுகூட ஒன்று வந்து, அடக்கிக்கொண்டேன். அன்றைக்கு அந்தப் புளியமரத்தடியில் தேடித் தேடிப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. அந்தக் கூடம்தான் வந்தது. அவன் தொடையைத் தட்டிக்கொண்டு சிரிக்கிறான். நான் டயரில் காற்றைப் பற்றிச் சொல்லுகிறேன். இரண்டாவது காபியை வைத்துவிட்டு அவள் உள்ளே போகிறாள். அவள் முகத்தை நினைவுக்குக் கொண்டுவர முயன்றேன். தம்ளர்தான் தெரிந்தது.

ஏன் அம்மாவிடம் சொல்லவில்லை, என்னிடமாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

"அம்மாகிட்ட சொன்னா அழுவும். உங்கிட்ட சொல்லலாம்னா, நீ சிரிக்க வெச்சிடுவ. அப்புறம் நான் எதுவும் நடக்காத மாதிரி கெளம்பிப் போயிடுவேன்."

கண்ணாயிரம் வந்துவிட்டார். கேனைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டுவரை ஊற்றினார். டீசல் வண்டிக்கு ஊற்றினால் மட்டும் போதாது. வறண்டு நின்ற குழாய்க்குள் காற்று பிடித்துக்கொள்ளும், அதை வெளியேற்றாமல் கிளம்பாது. பானெட்டைத் தூக்கி, ஃபில்டர்மேல் இருக்கிற பம்பைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டே இருந்தேன். நுரை நுரையாக வந்தது. விரல் வலித்தது. முதுகுக்குப் பின்னால் அவள் நிற்பது தெரிந்தது. பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பதில் ஒரு சௌகரியம், கண்ணில் டீசல் பட்டுவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். கண்ணாயிரம் ஒன்றும் கேட்காமல் தன் துண்டை நீட்டினார்.

இரண்டாவது திருப்பலில் வண்டி உறுமிப் பிடித்துக்கொண்டது. சிங்காரப்பேட்டையில் மறக்காமல் ரொப்பிக்கொண்டு போகும்படி சொல்லிவிட்டு, அவர் புல்லுக்கட்டை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

நந்தினி ஏறிக் கதவைச் சாத்தினாள். கியரில் கை வைத்தேன், போடவில்லை. பெரியவர்கள் நாலு பேரை வைத்துப் பேசிப் பார்க்கலாம் என்றேன். அவனை டாக்டரிடம் காட்டலாம் என்றேன். கொஞ்ச நாள் தனிக்குடித்தனம் வைத்துப் பார்க்கலாம் என்றேன். ஒவ்வொன்றுக்கும் அவள் உன் இஷ்டம்பா என்றாள். பெண் பார்த்த அன்றைக்கும், தேதி குறித்த அன்றைக்கும் இதையேதான் சொன்னாள். அப்போதெல்லாம் அது எனக்குச் சம்மதமாகக் கேட்டது.

கியரிலிருந்து கையை எடுத்துவிட்டு அவள் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தேன். பேப்பர் இல்லை, பிரஷ் இல்லை, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"என் இஷ்டம் கெடக்கட்டும்மா. அப்பா கேக்கறேன். உனக்கு அங்க போணுமா?"

முறுக்கு டின்னை மூடிக் காலடியில் வைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அழவில்லை.

"வேணாம்பா. இன்னிக்கி மட்டும் இல்ல. இனிமேட்டு அந்த வீட்டுக்கு நான் போவல."

எதிரே திருவண்ணாமலை பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே எங்களை உரசுவதுபோலத் தாண்டிப் போனது. அந்தக் காற்றில் புளிய இலைகள் பொடிப்பொடியாகக் கண்ணாடிமேல் உதிர்ந்துகொண்டே இருந்தன. வண்டி நின்ற இடத்திலேயே டீசலைக் குடித்தபடி ஓடிக்கொண்டிருந்தது. நான் அணைக்கவில்லை.