குளத்தின் மேல் ஒரு வரலாற்று மண்டபம்

பராசக்திக்கு வந்த ஆத்திரத்தில் வாளிக் கயிறு கையை அறுத்ததுகூடத் தெரியவில்லை. இன்றைக்குப் பார்த்து அந்த மனிசனுக்கு இவளுடைய கிணற்றுத் தண்ணீர் வேண்டுமாம்! வரலாற்று மண்டபம் திறக்கிறார்களாம், தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வண்டி வரவில்லையாம், தேத்தண்ணி போட வேண்டுமாம். ஊர்ச் சங்கத் தலைவர் சோமசேகரம் ஆள்விட்டு வெறும் தண்ணீர்க் கான்களை அனுப்பியிருந்தார். வெட்கங்கெட்ட பிறவி!

உடுப்பிட்டிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கிற இலந்தைவளையில் எங்கே தோண்டினாலும் உவர்தான். குளத்தடியில் இருந்த இவளுடைய கிணறு மட்டும் நல்லதண்ணீர். மாரியில் குளம் நிரம்பும். அந்த நீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கிக் கடலின் உப்பை அண்டவிடாமல் நிற்கும். அதை நம்பித்தான் ஆட்கள் இங்கே குடியேறினார்கள். இந்த ஊரின் வரலாறு அவ்வளவுதான். இதற்கு ஒரு மண்டபம் கேட்கிறதா? ஊர் முழுக்க இவளுடைய கிணற்றில்தான் அள்ளியது. ஒருநாளும் அவள் படலையைப் பூட்டியதில்லை.

போன வருடம் கோடையில் சோமசேகரம் குளத்தங்கரையில் கூட்டம் போட்டார்.

"வருசத்திலை பாதி நாள் வறண்டு கிடக்கிற பள்ளம். சும்மா நுளம்பு பெருகிக் கடிக்க விடுறதே? கனடாவிலை இருக்கிற எங்கடை ஊர்ப் பிள்ளையள் மண்டபம் கட்டித் தாறமெண்டு நிக்கினம்."

"அண்ணை, உதை மூடினால் கிணறு செத்துப்போம்!" என்று பராசக்தி கத்தினாள். லொறி லொறியாக மண் வந்து குளத்துக்குள் இறங்கியது, அதன்மேல் மண்டபம் எழுந்தது.

கார்த்திகை மழை நிற்க இடமில்லாமல் றோட்டால் ஓடிக் கடலில் விழுந்தது. சோமசேகரம் வீட்டு வாசலுக்கே வரும்படி பவுசருக்கு ஒழுங்கு செய்ததும் ஊர் இவள் படலைப் பக்கம் வருவதை விட்டது. கிணறு உவராக மாறுகிறது என்று சொன்னாள். எரிச்சலில் கதைக்கிறாள் என்றார்கள். அந்த ரோசத்தில் பவுசர் தண்ணீரைத் தொடாமல் உவரையே குடித்துக்கொண்டிருந்தாள்.

இப்போது கான்களை நிரப்பித் தானே கொண்டுபோய் மண்டபத்து அடுப்படியில் வைத்தாள். பிறகு வாசலில் நின்றாள்.

தேத்தண்ணி வந்தது. முதல் மிடறிலேயே முகங்கள் கோணின. "சீனிக்குப் பதிலா உப்பைப் போட்டிட்டியளோ?" என்று யாரோ சமையற்காரரைப் பிடித்து ஏசினார்கள். சோமசேகரம் மைக்கில் பேசிக்கொண்டிருந்தார். "ஆதிகாலம் தொட்டே எமது ஊர் நல்ல தண்ணீருக்குப் பெயர்பெற்றது..."

"குடிச்சுப் பாத்திட்டுச் சொல்லுங்கோ அண்ணை!" பராசக்தியின் குரல் கூரையில் மோதியது. "சமையற்காரனை ஏசாதேங்கோ. உது என்ரை கிணத்துத் தண்ணி."

அவர் ஒரு வாய் குடித்தார். விழுங்கவும் முடியவில்லை, அத்தனை பேருக்கு முன்னால் துப்பவும் முடியவில்லை.

"உந்தக் கிணறு... முந்தி நல்லதண்ணி எல்லோ?" என்றார் கடைசியில். "அந்தத் தண்ணி எங்கை போயிட்டுது?"

"கடலுக்குப் போயிட்டுது. அது நிண்ட இடத்திலை இப்ப நீங்கள் நிண்டு கதைக்கிறியள்!"

முன்வரிசையில் இருந்த நல்லம்மா, சோமசேகரத்தின் மனைவி, கலியாணம் முடித்து வந்த நாள் முதல் அந்தக் கிணற்றில் அள்ளியவள், கிளாசை நிலத்தில் வைத்துவிட்டு எழுந்தாள். புருசனைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"பராசக்தி, இந்தச் சீமெந்து நிலத்தை உடைக்க அலவாங்கு எங்கடை வீட்டிலை கிடக்கு," என்றாள். "எடுத்துக்கொண்டு வரட்டே?"