இருபத்தாறாம் நம்பர் கவுன்

சாவித்திரி இரண்டு கவுன்களையும் கைக்கொன்றாகத் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டும் ஒரே மஞ்சள், ஒரே வெள்ளைக் காலர். ஒன்று இருபத்திரண்டாம் நம்பர், மற்றது இருபத்தாறு. தீபாவளிக் கூட்டம் சரோஜினி நகர் மார்க்கெட்டில் அவள் முதுகை இடித்துக்கொண்டே போனது.

குழந்தைக்கு என்ன வயது என்று கடைக்காரர் இந்தியில் கேட்டார். ஆறு என்றாள்.

"படா லீஜியே, பெஹன்ஜி," என்றார் அவர். பெரியதையே எடுங்கள், வளர்கிற பிள்ளை, அடுத்த வருஷமும் ஆகும் என்றார்.

பஞ்சாபிக்காரரான அவருக்கு இவள் வீட்டுப் பேச்சு எப்படித் தெரிந்ததோ. திருச்சியிலிருந்து வந்து டெல்லி குவார்ட்டர்ஸில் குடியேறிய அந்தக் குடும்பத்தில் யாரும் சரியான அளவில் எதையும் போட்டு வளர்ந்ததில்லை. ஷூவின் முன்னால் பஞ்சு, பாவாடையில் மூன்று மடிப்பு, முழங்காலைத் தொடும் ஸ்வெட்டர். சாவித்திரியும் தங்கை கவிதாவும் வருஷத்துக்கு ஒரு மடிப்பைப் பிரித்துவிட்டே பெரியவர்களானார்கள்.

கவிதாவின் மகள் அகல்யாவுக்கு ரத்தத்தில் புற்றுநோய் என்று சித்திரையில் தெரிந்தது. அதற்குப் பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை, இன்னும் பிடிவாதமாக ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு பரிசு என்று குழந்தையிடம் ஒப்பந்தம். சித்தப்பா மகாதேவன் அஞ்சாம் கிளாசுக்கான ஜியோமெட்ரி பாக்ஸ் வாங்கிவந்தார். அப்பா ரமேஷ்குமார் அவளுக்குக் கால் எட்டாத சைக்கிளை வாங்கி பால்கனியில் நிறுத்தினான். கவிதா எட்டு வயசுக்கான பட்டுப்பாவாடை எடுத்து பீரோவில் வைத்தாள். இன்றைக்கென்று யாரும் எதையும் வாங்கவில்லை. அகல்யா எல்லாவற்றையும் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, பத்திரமாக வைக்கச் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

நேற்றுதான் பெரியம்மாவைப் பக்கத்தில் கூப்பிட்டு, "இந்தத் தடவை பக்கா என் சைஸ்ல வேணும் பெரியம்மா. எல்லாம் தோள்லேர்ந்து விழுது. மம்மிகிட்ட சொல்லாதே," என்றாள்.

இன்று காலை டாக்டர் சாவித்திரியையும் ரமேஷ்குமாரையும் வராந்தாவுக்கு அழைத்து, இனி ஊசி வேண்டாம் என்றார். ஒரு நாள், இரண்டு நாள். கவிதாவிடம் அவர்கள் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

இருபத்திரண்டைக் கொண்டுபோனால் கவிதா பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொள்வாள். அந்த முகத்தைப் பார்க்கிற தைரியம் சாவித்திரிக்கு இல்லை. குழந்தை கேட்டது ஒன்றே ஒன்று, அதையும் செய்ய முடியவில்லையே என்று தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. பெரியதைக் கட்டச் சொல்லி வாங்கிக்கொண்டு ஆட்டோ பிடித்தாள்.

வார்டில் கவிதாதான் மகளுக்கு அதைப் போட்டுவிட்டாள். கழுத்து ஒரு பக்கமாகச் சரிந்து தோள் எலும்பு வெளியே தெரிந்தது.

"இதுவும் பெருசு," என்றாள் அகல்யா. தெர்மாமீட்டரைப் பார்த்துச் சொல்லும் நர்ஸ் மாதிரி, குறைப்படாமல் சொன்னாள். பெரியம்மாவைப் பார்க்கவில்லை.

"அடுத்த தீபாவளிக்கும் போட்டுக்கலாம்டி தங்கம்," என்ற கவிதா அக்காவிடம் திரும்பினாள். "பக்கத்துல உள்ளே பிடிச்சு தைச்சுக் குடுக்கா. துணியை மட்டும் வெட்டிடாதே. அப்புறம் பிரிச்சு விடணும்ல."

சாவித்திரியின் கைப்பையில் ஊசிநூல் எப்போதும் இருக்கும். ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பிடித்து, பிரிப்பதற்குத் தோதாக நீள நீளத் தையல் போட்டாள். மறுபடி போட்டுவிட்டபோது அகல்யா முகத்தைச் சுளித்தாள். படுக்கை விரிப்பின் சுருக்கம் பட்டால்கூடச் சிவப்பாகக் கோடு விழுகிற உடம்பு அது. உள்ளே சுருண்டிருந்த துணி அக்குளுக்குக் கீழே அழுத்தியது.

"குத்துது பெரியம்மா."

பிரித்து, மடிப்பைத் தட்டையாக்கி மறுபடி தைத்தாள். அப்போதும் குத்தியது. மூன்று மணிக்கு கவிதா பிளாஸ்கை எடுத்துக்கொண்டு பூத்துக்குப் பால் வாங்கப் போனாள். அவள் சேலைத் தலைப்பு கதவைத் தாண்டும்வரை அகல்யா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜல்தி பெரியம்மா. மம்மி வர்றதுக்குள்ள வெட்டிடு."

நர்ஸிடம் கத்தரி வாங்கினாள். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பிள்ளைகளுக்குத் தைத்துக் கொடுத்திருக்கிறாள், உள்ளே மடித்த துணியை ஒருநாளும் வெட்டியதில்லை. இரண்டு பக்கமும் வெட்டினாள். பிறகு பொடிப்பொடியாக நெருக்கித் தைத்தாள். வெட்டிய துண்டுகளைக் கைப்பைக்குள் போட்டாள்.

இந்தமுறை கவுன் உடம்போடு நின்றது. அகல்யா டிபன் கேரியர் மூடியைக் கேட்டு வாங்கி, தூக்கிப் பிடித்து, காலரைப் பார்த்தாள், முடியில்லாத தலையை இப்படியும் அப்படியும் திருப்பித் தோளைப் பார்த்தாள்.

"அச்சா இருக்கு. என் சைஸ்," என்றாள்.

பாலோடு திரும்பிய கவிதா, "அழகா இருக்கேடி," என்று போர்வையை இழுத்துவிட்டாள். பக்கத்தில் என்ன தைத்திருக்கிறது என்று அவள் பார்க்கவில்லை. பாலில் இரண்டு ஸ்பூன்தான் உள்ளே போனது.

மறுநாள் காலை பத்து மணிக்கு அகல்யா போய்விட்டாள். அம்மாவின் கைமேல் கை இருந்தது.

மத்தியானம் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ரமேஷ்குமார் வாசலில் ஆண்களோடு நின்றான். சாவித்திரியும் கவிதாவும் குழந்தையைக் குளிப்பாட்டித் துடைத்தார்கள். எதிர்வீட்டு சுந்தரவல்லி பீரோவைத் திறந்து பட்டுப்பாவாடையை எடுத்துவந்து, "இதைக் கட்டிவிடலாமா கவிதா?" என்று கேட்டாள்.

"வேணாம்க்கா," என்றாள் கவிதா. "அது அவளுக்குப் பெருசு."

சாவித்திரி நிமிர்ந்து தங்கையைப் பார்த்தாள். கவிதா மஞ்சள் கவுனை எடுத்து உள்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள். பக்கத் தையலில் மேலிருந்து கீழே விரலை ஓட்டினாள், பிறகு கீழிருந்து மேலே. பிரித்துவிட அங்கே துணி இல்லை.

"எப்போக்கா?"

"நீ பால் வாங்கப் போனப்ப. மடிப்பு குத்துதுன்னா."

கவிதாவின் விரல் அந்தப் பொடித் தையலிலேயே நின்றது. சுந்தரவல்லி பாவாடையை மடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

"போட்டுப் பார்த்துக்கிட்டாளா?"

"கேரியர் மூடியில பார்த்தா. என் சைஸ்னு சொன்னா."

கவிதா கவுனை நேராகத் திருப்பினாள். மகளின் கைகளை ஒவ்வொன்றாக உள்ளே விட்டு, முதுகுப் பக்கம் பட்டன் போட்டு, காலரை நீவிவிட்டாள். அப்புறம் அக்காவின் முன்னால் கையை நீட்டினாள்.

சாவித்திரி கைப்பையைத் திறந்து இரண்டு மஞ்சள் துண்டுகளையும் எடுத்துக் கொடுத்தாள். கவிதா அவற்றை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, பொட்டு டப்பா எங்கே என்று கேட்டாள்.