பின்னறைக் காளான்

பாயான் லெப்பாஸ் கம்ப்யூட்டர் சிப் ஃபேக்டரியில், தூசியே நுழையக் கூடாத அறையில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவன் நான். ஆள் குறைப்பில் வீட்டுக்கு அனுப்பியதும் அந்த வித்தையை எங்கள் ஃபிளாட்டின் பின்னறையில் காட்டினேன். நூற்றைம்பது பை சிப்பிக் காளான். சன்னலை டேப் போட்டு அடைத்து, காற்று வெளியேற ஹாலைப் பார்த்து ஒரு ஃபேன் வைத்தேன். பறிப்பது என் மனைவி ஷர்மினியின் வேலை. குளித்து, தலையை மூடிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். காளானுக்கு ஏதாவது தொற்றிவிடக் கூடாதே! அப்படிப்பட்ட அறிவாளி நான்.

அவளுக்கென்று இருந்தது காரிடாரில் பன்னிரண்டு தொட்டி சிலி பாடி மட்டும், குட்டியாய்க் காய்க்கும் காரமிளகாய்.

மூன்று மாதமாக அவளுக்கு விடாத இருமல். முதலில் புகைமூட்டம் என்றேன். பிறகு, "உன் சிலிதான்லா காரணம், அந்த நெடி!" என்று கத்தி, காய்த்துக் கிடந்த அத்தனை செடியையும் பிடுங்கிக் குப்பையில் போட்டேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அவளோ என் கையில் ஒட்டிய மண்ணைக் கழுவத் தண்ணீர் ஊற்றினாள். நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

நேற்றுக் காலை சமையலறை வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உதடு நீலம் பாரித்திருந்தது. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். டாக்டர் காமினி எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு அவள் பக்கம் குனிந்தார்.

"அக்கா, வீட்டுல புறா, கோழி ஏதாச்சும் வளர்க்கிறீங்களா? காளான்?"

ஷர்மினி இல்லையென்று தலையாட்டினாள். "சிலி மட்டும்தான் டாக்டர். அதையும் புடுங்கியாச்சு."

"நல்லா யோசிங்க. காரணம் தெரியாம வீட்டுக்கு அனுப்பினா திரும்ப வரும். அடுத்த தடவ நுரையீரல் தாங்காது."

பைகளுக்கு அடியில் நான் தினமும் துடைக்கும் வெள்ளைத் தூள் என் கண்முன் வந்தது.

"காளான் இருக்கு டாக்டர்! நூத்தம்பது பை! ஃபேன் போட்டு ஹாலுக்குத்தான் காத்து விடுறேன்!" வார்டே திரும்பிப் பார்த்தது.

"காளான் உதிர்க்கிற தூள்தான் அண்ணே, மூச்சோட உள்ள போகுது; சில பேருக்கு அது ஒத்துக்காது. இன்னிக்கே எல்லாத்தையும் எடுத்திடுங்க."

ஷர்மினியின் முகத்தில் வியப்பே இல்லை. தெரிந்தேதான் மறைத்திருக்கிறாள். மாஸ்க்கை இழுத்துவிட்டு டாக்டரின் கையைப் பிடித்தாள்.

"வேணாம் டாக்டர். வேலை போனப்புறம் அவரு சிரிச்சதே அந்த ரூம்புலதான்."