மஞ்சள் தடவிய கவர்

காசிநாதன் கெட்டிக்காரன். ஆனால் இந்தக் கதையில் அவன் கெட்டிக்காரத்தனத்துக்கு வேலை கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பாடாலூரில் மெயின்ரோட்டை ஒட்டி அவன் வீடு. அப்பா அரியமுத்து லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவர். அம்மா பொன்னாயி கடலை பறிக்கவும் நடவுக்கும் போகிறவள். அந்த வீட்டிலிருந்து திருச்சிக்குப் போய் எம்.எஸ்ஸி. ஜியாலஜி முடித்தவன், எண்பத்து மூன்றாம் வருஷம் தை மாதம் அமெரிக்காவில் ஒரு யூனிவர்சிட்டிக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தான். பிப்ரவரி முதல் தேதிக்குள் எல்லாக் காகிதமும் அங்கே போய்ச் சேர வேண்டும். பிந்தினால் அடுத்த வருஷம்தான். அதற்குள் அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் அவனுக்கு வேலை சொல்லி வைத்திருந்தார் அரியமுத்து. அதில் சேர்ந்துவிட்டால் தான் எங்கும் போகப்போவதில்லை என்று காசிநாதனுக்கே தெரியும்.

அங்கே படிப்பு எப்படி என்று, அதே காலேஜிலிருந்து இரண்டு வருஷம் முன்னால் போன சிங்காரவேலு நீலக் காகிதத்தில் நுணுக்கி நுணுக்கி எழுதியிருந்தான். நம் ஊரில் எப்படி என்று உங்களுக்கே தெரியும் கண்ணுகளா. பாடம் எடுப்பவர் ஒருவர், கேள்வித்தாள் போடுபவர் இன்னொருவர், முகம் தெரியாத ஒருவர் திருத்துகிறார். அங்கே அப்படி இல்லையாம். பாடம் எடுக்கிறவரே கேள்வி கேட்கிறார், அவரே மார்க் போடுகிறார். அதனால் மார்க்கைவிட, சொல்லிக்கொடுத்த வாத்தியார் என்ன எழுதுகிறார் என்றுதான் பார்ப்பார்களாம். அந்தக் கடிதத்தை மாணவன் பார்க்கக் கூடாது. பார்ப்பான் என்று தெரிந்தால் வாத்தியார் அவனுக்குப் பிடித்ததைத்தானே எழுதுவார். ‘நான் இதைப் பார்க்கக் கேட்கமாட்டேன்’ என்று ஃபாரத்திலேயே கையெழுத்துப் போட வேண்டும். வாத்தியார் கவரை ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் தன் கையெழுத்தைப் போட்டுத் தர வேண்டும். பிரிந்த கவர் செல்லாது.

மூன்று வாத்தியார்களின் கடிதம் கேட்டிருந்தார்கள். இரண்டு போயாகிவிட்டது. மூன்றாவது நடராசன் சாருடையது, அவனுக்கு இரண்டு வருஷம் கல்லையும் மண்ணையும் காட்டிக்கொடுத்தவர். பொங்கல் முடிந்த மூன்றாம் நாள் திருச்சிக்குப் போய்க் கவரை வாங்கி வந்தான். சட்டைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸில் நின்றபடியே வந்தான். மறுநாள் பெரம்பலூர் போய் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புவதாக ஏற்பாடு.

மறுநாள் காலை அவன் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தான். நல்ல காரியத்துக்குப் போகிற காகிதம் வெறும் காகிதமாகப் போகலாமா? பொன்னாயி மஞ்சளைக் குழைத்துக் கவரின் நான்கு மூலையிலும் தாராளமாகத் தடவினாள். ஈரம் காயட்டும் என்று முறத்தில் வைத்து வெயிலில் வைத்தாள். காசிநாதன் திரும்பி வந்தபோது கவரின் வாய் சுருண்டு, உள்ளே இருந்த காகிதத்தின் விளிம்பு வெளியே தெரிந்தது. சாரின் கையெழுத்து பாதி மஞ்சளில் ஊறியிருந்தது.

அவன் முறத்தின் முன்னால் உட்கார்ந்துவிட்டான். என்ன ஆகிவிட்டது என்று பொன்னாயி கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டாள்.

“நீதானேடா பாக்கக் கூடாது. எனக்கு எழுத்தே தெரியாது. நான் பாத்தா அது பாத்த கணக்குல வராது.”

“அவங்களுக்கு அது எப்படிம்மா தெரியும்?”

அரியமுத்து பழைய சோற்றில் நாலு பருக்கை எடுத்து வந்தார். “இதை வச்சு நசுக்கி ஒட்டு. கல்யாணப் பத்திரிகையே இதாலதான ஒட்டுறோம். பிரிஞ்சதுன்னு எவன் கண்டான்?” என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. அதோடு, காகிதம் விரல் தூரத்தில் இருந்தது. இழுத்துப் படித்துவிட்டு ஒட்டியிருந்தாலும் ஒருவரும் கேட்கப்போவதில்லை.

காசிநாதன் கவரை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தான். அன்றைக்குப் பக்கத்தில் காரை என்ற ஊரில் இருப்பதாகச் சார் முந்தின நாளே சொல்லியிருந்தார். ஜூனியர் பசங்களைக் கூட்டிக்கொண்டு ஐந்து நாள் கேம்ப். காரைக்குப் பக்கத்தில் மழை அரித்துப் போட்ட வெற்றுநிலம் பரந்து கிடக்கிறது. மண்ணைக் கிளறினால் கல்லாகிப்போன சுருள் சிப்பி கிடைக்கும். ஒரு காலத்தில் கடல் இருந்த இடமாம். அந்த மேட்டில் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார் நடராசன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறியவனைப் பார்த்து, அமெரிக்காவுக்கு இந்த வழியா சீனியர் என்று ஒரு பையன் கேட்டான். மற்றவர்கள் சிரித்தார்கள்.

நடந்ததைச் சொல்லிக் கவரை நீட்டினான். சார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மஞ்சள் அவர் விரலில் ஒட்டியது.

“படிச்சியா?”

“இல்ல சார்.”

“பிரிஞ்சுதானே கெடந்தது?”

“பாக்கமாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன் சார்.”

நடராசன் காகிதத்தை உருவி, தான் எழுதியதைத் தானே இன்னொரு தடவை படித்தார். அவர் எழுதியிருந்தது நன்னடத்தைச் சான்றிதழ் மாதிரிதான். பணிவானவன், ஒழுக்கமானவன், கடும் உழைப்பாளி. கூடவே இருந்த ஃபாரத்தில் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுதாமல் விட்டிருந்தார். இவனிடம் உள்ள குறை என்ன என்பது கேள்வி. பெண் வீட்டார் வந்து கேட்டால்கூடப் பையனைப் பற்றிக் குறை சொல்லமாட்டோமே. கடல் தாண்டிப் போகிற காகிதத்தில் யார் எழுதுவார்கள்?

காகிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்.

“காசி, உன்கிட்ட ஒரு குறை இருக்கு. அதையும் எழுதச் சொல்லிக் கேக்கறாங்க. பயந்துகிட்டு விட்டுட்டேன். எழுதட்டுமா?”

என்ன குறை என்று கேட்க வாயெடுத்தான். கேட்டால் அதுவும் பார்த்த மாதிரிதான். அந்த ஒரு வரியால் எல்லாம் போய்விடலாம் என்பதும் அவனுக்குத் தெரிந்தது.

“எழுதுங்க சார்.”

அவனைத் தள்ளிப் போகச் சொன்னார். பழைய கடிதத்தைக் கிழித்துவிட்டார். குவாரிகளில் அனுமதி கேட்பதற்காகக் காலேஜ் பேர் போட்ட தாளும் கவரும் பையில் வைத்திருந்தார். குடைக்குக் கீழே வெகுநேரம் எழுதினார். ஒரு வரி எழுதுவார், மேலே பார்ப்பார், மறுபடி எழுதுவார். ஃபாரத்தில் விட்டிருந்த அந்தக் காலியிடத்தையும் நிரப்பினார். கல்லுக்கு லேபிள் ஒட்டுகிற கோந்தால் கவரை ஒட்டி, வாயின் மேல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அம்மா கண்ணில் படாமல் கொண்டு போ என்றார். அவன் வீட்டுக்கே போகவில்லை. நேரே பெரம்பலூருக்கு மிதித்து, தபாலாபீஸ் அடைக்குமுன் ரிஜிஸ்டர் செய்துவிட்டான்.

அப்புறம் பங்குனி முடிகிறவரை ஒரு சேதியும் இல்லை. சிமெண்ட் ஆலையிலிருந்து ஆள் வந்து இரண்டு தடவை கேட்டுவிட்டுப் போனார். அரியமுத்து மகனிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். பொன்னாயி மட்டும் எதிரே தபால்காரர் வந்தால், தான் ஏதோ செய்துவிட்டவள் மாதிரி ஒதுங்கி நின்றாள்.

சித்திரை பிறந்து நான்காம் நாள் கவர் வந்தது. இடம் கிடைத்திருந்தது. லேபரட்டரியில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம், படிப்புச் செலவு அவர்களுடையது. காசிநாதன் அதைத் தமிழில் சொல்லச் சொல்ல அரியமுத்து தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். சார் எழுதிய குறை என்ன என்று கடைசிவரை அவனுக்குத் தெரியாது. அதைப் பற்றிப் பொன்னாயியிடம் சொன்னபோது அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

“தெரிஞ்சுதானே கூப்புட்டிருக்காங்க. அப்புறம் என்ன?”

உள்ளே போய் மஞ்சள் கிண்ணத்தோடு வந்தாள். கடிதத்துக்குப் பக்கத்தில் வந்ததும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“இதைத் தொடலாமா தம்பி?”

“இது நமக்கு வந்தது. தொடும்மா.”

அவள் கடிதத்தை வாங்கி, எழுத்தில் படாமல், நான்கு மூலையிலும் சின்னதாக வைத்தாள்.