வாய்ப்பலகைக்கு ஆள் உண்டா?

1.

இந்தக் கதை நான் யோசித்து எழுதியதல்ல. ஓர் உணவகத்தில் ஓசியில் என் காதில் விழுந்தது. என் மச்சினி போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்: "அதுக்கு ஆளே இல்ல. மூணு வாரம் பாத்தாச்சு, மூச்சு பேச்சு இல்ல. இன்னிக்கே தூக்கிடலாம்."

பக்கத்து மேசைக்காரர் தன் தட்டோடு எழுந்து வேறு மேசைக்குப் போய்விட்டார்.

அவள் கொலைகாரியல்ல. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் சரிபார்க்கிறவள். மிச்ச நேரத்தில், யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு கணினி இயங்குதளத்துக்குக் குப்பை அள்ளுகிறாள். அதன் களஞ்சியத்தில் பல்லாயிரம் மென்பொருள் பொதிகள். ஒவ்வொன்றுக்கும் சம்பளமில்லாத பராமரிப்பாளர் ஒருவர். அவர் கல்யாணமாகியோ, சலித்துப்போயோ, செத்தோ காணாமல் போனால் பொதி அநாதை, பழுது பெருகும். அப்போது இவள் "ஆள் உண்டா?" என்று அறிவிப்புப் போடுவாள். மூன்று வாரத்தில் பதில் இல்லையென்றால் நீக்கம். சகாக்கள் அவளுக்கு வைத்த பெயர் துடைப்பம். அவளும் அதையே கையெழுத்தாகப் போட்டுக்கொள்கிறாள்.

(இதை எழுதப்போகிறேன் என்றதும் அவள் கேட்டது: "இதுல என்ன அத்தான் கதை இருக்கு?")

2.

முதல் தொடக்கம்: 'மழை பெய்துகொண்டிருந்த அந்தக் காலையில் அவள் மனத்திலும் ஒரு' —

மழையும் இல்லை, மனத்தில் ஒன்றும் இல்லை. பல் விளக்கிக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் தொடக்கம்: 'மென்பொருளுக்கும் மரணம் உண்டா?' —

இப்படித் தொடங்கும் கதையை நானே படிக்க மாட்டேன்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இயங்குதளத்தின் புதிய பதிப்பு வெளிவர ஏழு வாரம் இருந்தது. அதற்குள் பழைய நிரல்மொழி ஒன்றை வெளியே அனுப்பியாக வேண்டும். அதில் எழுதப்பட்டு, அதையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தவை நாற்பத்தொரு பொதிகள். நாற்பதைத் துடைப்பம் ஒருவழி பண்ணிவிட்டாள்; உணவகத்தில் என் காதில் விழுந்தது அதில் ஒன்றின் சாவு. மிஞ்சியது வாய்ப்பலகை. திரையில் எழுத்து வரிசைகள் ஒவ்வொன்றாக ஒளிரும். வேண்டியது வரும்போது பொத்தானை அழுத்தினால் எழுத்து விழும். அவ்வளவுதான் அதன் சாமர்த்தியம்.

பராமரிப்பாளர் ஆறு வருடமாகப் பதில் போடவில்லை. பயன்படுத்துவோர் மூன்று பேர் என்றது கணக்கு. அதில் ஒருவர், சோதிப்பதற்காக நிறுவிய இவளே. இன்னொன்று தானியங்கிச் சோதனை இயந்திரம். மூன்றாவது ஆளும் மறந்துபோய் வைத்திருப்பார் என்று அறிவிப்பைப் போட்டுவிட்டு லென்ஸ் பார்க்கப் போய்விட்டாள்.

3.

பதினாறாம் நாள் பதில் வந்தது. எழுதியவர் ஒரு தையற்காரர். பக்கத்து வீட்டுக் கணக்கு டீச்சர் அறிவிப்பைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்.

"என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். பக்கவாதம் வந்ததுலேர்ந்து பேச்சு இல்ல, ஒரு விரல்தான் அசையும். அந்த விரலால இந்தப் பலகையிலதான் பேசறார். பேசறார்னா, பாதி நேரம் என்னைத் திட்டறார். இதை எடுத்துட்டா எனக்கு நிம்மதின்னு நினைக்காதீங்க. இது கிடைக்கறதுக்கு முன்னாடி ஒரு வருஷம் திட்டாம இருந்தார். அது வீடு மாதிரியே இல்ல."

(இந்த இடத்தைப் படித்த என் மனைவி, "அழ வைக்கப் பாக்கறீங்க" என்றாள். ஒப்புக்கொள்கிறேன். படுக்கையில் ஒரு கணவர் கிடைத்தால் எழுத்தாளனுக்கு வாயில் எச்சில் ஊறும். அவரை எடுத்துவிட்டு ஒரு கைப்பந்து வீரரைப் போட்டுப் பார்த்தேன். கதை இன்னும் கேவலமானது.)

துடைப்பம் கடிதத்தை நான்கு முறை படித்தாள். இதுவரை முன்னூறு பொதிகளை நீக்கியிருக்கிறாள். வந்த வசவுகளையெல்லாம் சிரித்துக்கொண்டே குப்பையில் போட்டிருக்கிறாள். அந்த முன்னூறில், இப்படி எழுதத் தெரியாமலே இழந்தவர்கள் எத்தனை பேர் என்ற கேள்வி அன்றைக்குத்தான் வந்தது. மதியச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டாள்.

4.

வெளியீட்டுப் பொறுப்பாளரை எல்லோரும் மீசை என்பார்கள். அவரிடம் இந்த ஒன்றுக்கு விதிவிலக்குக் கேட்டாள். மற்ற நாற்பதுக்கும் காட்டாத இரக்கம் இதற்கு எதற்கு என்று அவர் திருப்பிக் கேட்டார். விதியை எழுதியவளே இவள்தான்.

அதனால் பலகையையே புதிய நிரல்மொழிக்கு மாற்ற உட்கார்ந்தாள். தொள்ளாயிரம் வரி. கடைக்குக் கிளம்புமுன் தினமும் ஒரு மணி நேரமாக, பத்து நாள். பிறகு தையற்காரர் வீட்டுக் கணினிக்கு அனுப்பி, வீடியோவில் அழைத்தாள்.

தையல் மெஷின், வெட்டிய துணிக்குவியல், அதற்குப் பின்னால் கட்டிலில் தலையணைகளில் சாய்ந்து மெக்கானிக். விரல் பொத்தானின் மேல். எழுத்துகள் தப்பும் தவறுமாக விழுந்தன, அழிந்தன, மறுபடி விழுந்தன. எட்டு நிமிடத்தில் முதல் வாக்கியம் முழுசாக வந்தது:

"யார் இந்த அவசரக்குடுக்கை"

புதிய பலகையில் ஒளி இரண்டு மடங்கு வேகமாக ஓடியிருக்கிறது. தையற்காரர் வெட்கப்பட்டு மன்னிப்புக் கேட்டார். துடைப்பம் அந்த வசவை அப்படியே பழுதுப் பட்டியலில் ஏற்றிக்கொண்டு வேகத்தைக் குறைத்தாள். மூன்று முறை திருத்தினாள். நான்காவது நாள் அவர் எழுதினார்: "இப்ப திட்ட வருது."

5.

'இவ்வாறாக, மனிதநேயம் வென்று' —

எங்கே வென்றது? பராமரிப்பாளர் பெயர் இல்லாமல் பொதி உள்ளே போகாது. யாரும் முன்வரவில்லை. தன் பெயரைப் போட அவளுக்கே பயம்.

"நான் போட்டா, ரெண்டு வருஷத்துல நானும் காணாமப்போன ஆள்தான்" என்றாள் அந்த வீட்டாரிடம், ஒளிக்காமல்.

மெக்கானிக்கின் விரல் இருபது நிமிடம் வேலை செய்தது. "என் பேரைப் போடு. லிஃப்ட் நின்னுடுச்சுன்னு கூப்பிட்டு நான் போகாம இருந்ததில்ல."

அவருக்கு நிரல் எழுதத் தெரியுமா என்று மீசை கேட்டார்.

"தெரியாது" என்றாள் துடைப்பம். "எழுதறதுக்கு நான் இருக்கேன். ஆனா கேட்டா அவர் பதில் சொல்லுவார். நம்மாளுங்க பாதிப் பேர் அதக்கூடச் செய்யறதில்ல."

மீசை ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்: வரும் முதல் கேள்விக்கு, வெளியீட்டுக்குள், மெக்கானிக்கே பதில் போட வேண்டும். பழைய வாய்ப்பலகையைத் துடைப்பம் தன் கையாலேயே நீக்கினாள். புதியது சோதனைக்காக வாசலில் காத்திருக்கிறது; விரும்பியவர் எடுத்துப் பார்க்கலாம்.

6.

முடிவு ஒன்று: பதில் அருமையாக அமைகிறது, மீசை கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். (தித்திப்பு தாங்கவில்லை.) முடிவு இரண்டு: மெக்கானிக் இறந்துவிடுகிறார். (எழுதினால் எனக்குச் சோறு கிடையாது என்று மனைவி சொல்லிவிட்டாள்.)

முதல் கேள்வி இன்று வந்தது. வாசலில் இருக்கும் புதியதை எடுத்துப் பார்த்த ஒரு பல் மருத்துவர் தன் அப்பாவுக்காகக் கேட்டிருக்கிறார்: எழுத்து எழுத்தாகத் தட்டி அப்பாவுக்கு அலுத்துவிட்டது, பலகையைத் தூக்கி எறியச் சொல்கிறார், என்ன செய்ய?

மச்சினி பக்கத்தில் நாற்காலி போட்டு நானும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மெக்கானிக் பதில் எழுதுகிறார். இதுவரை வந்தது: "அவர்கிட்ட சொல்லு, முதல்ல". பக்குவமான அறிவுரையோ, பச்சையான வசவோ, எதுவும் வரலாம்.

"நீங்க எதுவும் முடிச்சு வெச்சுடாதீங்க அத்தான். அவர் எழுதட்டும்" என்கிறாள்.

சரி, கையை எடுத்துவிட்டேன். ஒளி த வரிசைக்கு வந்திருக்கிறது. விரல் அசைகிறது. அடுத்த எழுத்து