ஐந்து அங்குலம் குறைந்த இதயப் பதிவு

பெயிண்டர் ஒரே மாதத்தில் மூன்று முறை மயங்கி விழுந்தார். இரண்டு முறை தரையில், ஒரு முறை ஏணியிலிருந்து. ஆஸ்பத்திரியில் மார்பில் கருவியை ஒட்டி இருபத்துநான்கு மணி நேரத் துடிப்பைப் பதிவு செய்தார்கள். நடுவே துடிப்பு நின்றிருந்தால் பேஸ்மேக்கர். இல்லாவிட்டால் வீடு, ஏணி.

பதிவில் இதயம் கடிகாரம் வெட்கப்படும் அளவுக்கு ஒழுங்காக ஓடியிருந்தது.

“ரிப்போர்ட் பிரமாதம். இனிமே விழாதீங்க” என்றார் டாக்டர்.

“சரிங்க” என்றார் பெயிண்டர், கீழ்ப்படிதலுடன்.

அவர் மனைவி தையல்காரி. பதிவுத் தாளைத் தரையில் நீளமாக விரித்து, கைப்பையிலிருந்த டேப்பால் அளந்தாள்.

“ஒரு மணி நேரத்துக்கு ஒரு அடின்னு ஓரத்துல போட்டிருக்கு. இருபத்துநாலு அடிக்கு அஞ்சு அங்குலம் குறையுது டாக்டர். சட்டைன்னா கையே நுழையாது. யாரு வெட்டினது?”

கணினிப் பதிவுகளின் மேலாளரை வரவழைத்தார்கள். அவர் கழுத்தில் இரண்டு அடையாள அட்டைகள். ஒன்று திரும்பிக்கொண்டால் மற்றது தெரிய வேண்டுமாம்.

“நான்தான் வெட்டினேன்” என்றார் பெருமையாக. “கம்ப்யூட்டர் டிஸ்க்ல ஒரு துடிப்புக்கு ஒரு பிளாக், அதாவது ஒரு கட்டம். பெரிய துடிப்புக்குப் பெரிசு, சின்னதுக்குச் சின்னது. ஒண்ணுமே இல்லாத இடத்தை எதுக்குச் சேமிக்கணும்? எடுத்துட்டு ஒட்டிடுவோம். இதுக்கு ஷீல்டே குடுத்திருக்காங்க.”

டாக்டருக்கு வேர்த்தது. “அய்யா, அந்த ஒண்ணுமே இல்லாததுதான்யா வியாதி! இதயத்தோட மேலறை கூப்பிட்டும் கீழறை துடிக்காம கெடந்த நேரம் அது!”

“வேணும்னு எழுத்துல கேட்டிருக்கணும். போன வருஷம் முழுக்க இப்படித்தான். யாருக்குமே துடிப்பு நிக்கல, கவனிச்சீங்களா?”

“திரும்ப எடுக்க முடியுமா?”

“இல்லாததை எங்கேருந்து சார் எடுக்க?”

அப்போது பெயிண்டர் நாற்காலியிலிருந்து சத்தமில்லாமல் சரிந்தார்.

“ஏங்க!” என்று தாங்கிப் பிடித்தாள் மனைவி. டாக்டர் மணிக்கட்டைப் பற்றி, நாடி இல்லாத வினாடிகளைச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். “அஞ்சு... ஆறு... ஏழு...” நாடி திரும்பியது.

பேஸ்மேக்கர் படிவத்தை அங்கேயே நிரப்பினார். பதிவில் ஆதாரம் இல்லையென்றால் ஒரு சாட்சி வேண்டும் என்பது விதி.

“கையெழுத்துப் போடுங்க” என்று மேலாளரிடம் நீட்டினார்.

“அந்த ஏழு செகண்டுல நான் ஒண்ணுமே பாக்கலையே சார்!”

“அதைத்தான் எழுதச் சொல்றேன்.”

மேலாளர் உட்கார்ந்தார். ஏழு வினாடிகள் ஒன்றுமே நடக்கவில்லை என்று முத்து முத்தாக எழுதி, பதவியையும் சேர்த்துக் கையெழுத்திட்டார். அன்று மாலையே பெயிண்டரை அறுவை அறைக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள்.