வேறொரு பக்கம்

தலைமையாசிரியையின் அறைக்கு வெளியே கிடந்த பெஞ்சில் நானும் என் மகளும் உட்கார்ந்திருந்தோம். சலவைக்கூடத்தில் அரைநாள் விடுப்புக் கேட்டு வந்திருந்தேன். ஆஸ்பத்திரிப் போர்வைகள் மலையாகக் குவிந்து கிடக்கிற நாளில் யாரும் விடுப்புக் கேட்க மாட்டார்கள். "பள்ளிக்கூடத்துல உனக்கு என்னய்யா வேலை, பரீட்சை எழுதப் போறியா" என்று கேட்டுவிட்டுத்தான் மேற்பார்வையாளர் விட்டார். துணி மடிக்கிற பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

வந்த காரியம் இதுதான். மகள் நாலாம் வகுப்பு. அவளுக்கு வாசிக்க வரவில்லை. எழுத்து ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது என்பாள். காலையில் அறிமுகமான எழுத்து மத்தியானம் யாரோ எவரோ ஆகிவிடும். ஆனால் காதில் விழுந்தது எதுவும் அவளிடமிருந்து தப்பாது. பாடத்தை யாராவது வாசித்துச் சொன்னால் கேள்விக்குப் பதில் கணீரென்று வரும். இதைக் கண்டுபிடித்தது வகுப்பு டீச்சர். இந்த வருஷம்தான் வேலைக்கு வந்தவர், சின்ன வயசு. இப்படிச் சில பிள்ளைகள் உண்டு, மூளையில் ஒரு குறையும் இல்லை, சொல்லிக்கொடுக்கிற விதம்தான் வேறு என்றார். அப்படிச் சொல்லிக்கொடுத்து வாசிக்க வருகிற வரைக்கும் பரீட்சையில் யாராவது கேள்வியை வாசித்துக் காட்ட, அவள் வாயால் பதில் சொல்லலாம் என்று தலைமையாசிரியையான பெரிய டீச்சர் அனுமதிக்க வேண்டும். தான் கேட்டு நடக்கவில்லை, பெற்றவர் வந்து கேட்டால் மனம் இளகலாம் என்றார். இளகாவிட்டால் மகளை இரண்டாம் வகுப்புக்கு இறக்கிவிடுவார்கள்.

"நீ போய் என்னத்தப் பேசுவே" என்றாள் என் மனைவி. "அங்க போனா உனக்கு எச்சில்கூட முழுங்க வராது."

அவள் சொன்னதில் தப்பில்லை. பள்ளிக்கூடத்து வாசலைப் பார்த்தாலே எதிர்ப்பக்கமாக நடந்துவிடுவேன். நான் எழுத்துக் கூட்டப் பழகினது முப்பது தாண்டின பிறகு, தொழிற்சங்க அறையில், வேலை முடிந்து வந்து. அதுவரை எந்தக் கேனில் சோப்புத் தண்ணீர், எந்தக் கேனில் வெளுக்கிற மருந்து என்று மூடியின் நிறத்தைப் பார்த்துத்தான் ஊற்றிக்கொண்டிருந்தேன். யாரோ மூடியை மாற்றிப் போட்ட ஒரு நாள் கை வெந்துபோனது. அப்புறம்தான் போய் உட்கார்ந்தேன். இன்றைக்கும் என் வாசிப்பு மூட்டையோடு மாடி ஏறுகிறவன் நடைதான். படிக்குப் படி நின்று மூச்சு வாங்கியாக வேண்டும்.

ஆனாலும் சாயங்காலம் முகம் கழுவிவிட்டு வந்தால் மகள் புத்தகத்தோடு ஒட்டி உட்காருவாள். எழுத்துக்குக் கீழே விரலை வைத்து ஒரு வரி வாசிப்பேன். பின்னாலேயே அவளும் சொல்வாள். எனக்குச் சந்தேகம் தட்டினால் அந்த வரியைத் திரும்பவும் வாசிப்பேன், அவளும் திரும்பவும் சொல்வாள். "குருடனுக்குக் குருடன் வழிகாட்டுற கதைதான்" என்று சொல்லிக்கொண்டே மனைவி எங்கள் பக்கம் விளக்கைத் திருப்பி வைப்பாள். ஒரு நாளில் எனக்குப் பிடித்த நேரம் அது ஒன்றுதான்.

கூப்பிட்டார்கள், போனோம். வகுப்பு டீச்சர் ஏற்கெனவே உள்ளே நின்றிருந்தார். பெரிய டீச்சர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். மேசை நிறையக் காகிதம், கண்ணில் தூக்கமில்லாத சிவப்பு. என்னை உட்காரச் சொன்னார். சலவை இயந்திரத்தின் இரைச்சலில் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்து வைத்திருந்ததை ஒரு மாதிரிச் சொல்லி முடித்தேன். வாயும் திறந்தது, எச்சிலும் முழுங்க வந்தது. கேட்டுக்கொண்டார். பிறகு, எந்தப் பாடம் நடக்கிறது என்று வகுப்பு டீச்சரிடம் விசாரித்து, புத்தகத்தைத் திறந்து மகள் பக்கம் தள்ளினார்.

"எங்க, படி பாப்போம்."

எறும்புகளைப் பற்றிய பாடம். நாங்கள் சாயங்காலங்களில் உட்கார்ந்து உருட்டின பாடம்.

மகள் எழுந்து நின்றாள். புத்தகத்தைக் கையில் எடுத்தாள். ஆரம்பித்தாள். தண்ணீர் திறந்துவிட்ட மாதிரி வந்தது. எறும்பு புற்றுக்குள் எப்படி வழி வைத்திருக்கிறது, ராணி எறும்புக்கு யார் காவல், மழைக்கு முன்னால் முட்டைகளை எங்கே தூக்கிப் போகிறது, எல்லாம் ஒன்று விடாமல் வந்தது. பெரிய டீச்சர் தலை நிமிரவில்லை, காகிதம் ஒன்றைப் பார்த்தபடி காதை மட்டும் கொடுத்திருந்தார். நான் அவள் விரலைப் பார்த்தேன். நான் மூச்சு வாங்குகிற இடத்தில் எல்லாம் அவளும் மூச்சு வாங்கினாள். வரி முடிகிறது என்று நான் பாதிச் சொல்லில் நிற்கிற இடத்தில் அவளும் நின்றாள். விரல் இரண்டாவது வரியிலேயே கிடந்தது, வாய் அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தது. பக்கத்தை அவள் திருப்பவே இல்லை.

என் மானத்தைக் காப்பாற்றுகிறாளாம்.

"நல்லாத்தானே படிக்குது" என்றார் பெரிய டீச்சர். "இதுக்குப் போய் என்ன சலுகை."

வகுப்பு டீச்சர் தரையைப் பார்த்தார். மகள் என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. நான் பேசாமல் கும்பிடு போட்டு எழுந்திருந்தால் அந்த வெளிச்சம் வீடு வரைக்கும் வந்திருக்கும். ஆனால் பரீட்சையில் எறும்புப் பாடம் மட்டுமா வரும்? அன்றைக்கு யார் வந்து இவளைத் தூக்கிவிடுவார்கள்? அதற்காகத்தானே இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

"டீச்சர், அது மனப்பாடம்" என்றேன். "வேற பக்கம் குடுங்க."

பெரிய டீச்சர் இப்போதுதான் நிமிர்ந்தார். புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் ஒன்றைப் பிரித்து நீட்டினார். மகள் அதைப் பார்த்தாள். உதடு குவிந்தது, பிரிந்தது. ஒரு எழுத்தைப் பிடித்தாள், அடுத்ததற்குப் போகும்போது முதல் எழுத்து நழுவிவிட்டது. மறுபடி முதலிலிருந்து. கழுத்து நரம்பு புடைத்தது. போதும் என்று யாராவது சொல்வார்கள் என்று பார்த்தேன். யாரும் சொல்லவில்லை. நான்தான் எட்டிப் புத்தகத்தை வாங்கி மூடினேன்.

"இதத்தான் சொல்ல வந்தேன் டீச்சர். காதால கேட்டா எல்லாம் நிக்குது. யாராவது கேள்விய வாசிச்சுக் காட்டினா போதும்."

"அப்ப இவ்வளவு நேரம் என்னை ஏமாத்துச்சா?"

ஏமாற்றவில்லை, குழந்தை பயந்துவிட்டது என்றேன். யார் இப்படிப் பழக்கியது என்று கேட்டார். நான்தான், வீட்டில் வாசித்துக் காட்டுவேன் என்றேன். வகுப்பு டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெரிய டீச்சர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இவ்வளவு மனப்பாடம் பண்றதுக்கு மூளை இருக்கு. எழுத்துக் கூட்டறதுக்கு மட்டும் இல்லையா? உழைக்க மனசில்ல, அதான். நீங்களே ஊட்டி ஊட்டிக் கெடுத்து வச்சிருக்கீங்க. நாளைக்கு ஊருலகத்துல இதுக்கு யார் வாசிச்சுக் காட்டுவாங்க?"

"எனக்குக் காட்டினாங்க டீச்சர்" என்றேன். என்னை அறியாமல் வாயில் வந்துவிட்டது. "முப்பது வயசு வரைக்கும் யாராவது ஒருத்தர் வாசிச்சுக் காட்டினாங்க."

அவர் என் கையைப் பார்த்தார். வெந்து சுருங்கின தோலைப் பார்த்தாரோ, சும்மாதான் பார்த்தாரோ.

"அதான் தெரியுதே" என்றார்.

கும்பிட்டுவிட்டு எழுந்தேன்.

மகளை இரண்டாம் வகுப்புக்கு இறக்க அடுத்த வாரம் வரைக்கும்கூடக் காத்திருக்கவில்லை. அன்றைக்கே பையோடு வரச் சொல்லிக் கூட்டிப்போனார்கள். அறைக்கு வெளியே வகுப்பு டீச்சர் என் பக்கத்தில் வந்து, "நான் அந்தப் பாடத்தச் சொல்லியிருக்கக் கூடாதுண்ணே" என்றார். அவருக்கு அழுகை வரும்போல இருந்தது. பரவாயில்லம்மா என்றேன். வேறு என்ன சொல்வது.

இரண்டாம் வகுப்பு வராந்தாவின் கோடியில் இருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். குட்டி மேசைக்கு அடியில் மகளின் முழங்கால் நுழையவில்லை. காலைப் பக்கவாட்டில் மடக்கி உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த பொடிசு ஒன்று, "நீ புது டீச்சராக்கா" என்று கேட்டது. பிள்ளைகள் சிரித்தன. அவள் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

வேலைக்குத் திரும்பினேன். ஈர விரிப்புகளைத் தேய்க்கிற உருளைக்குள் விட்டுக்கொண்டே இருந்தேன். மேற்பார்வையாளர், "என்னய்யா, பாஸா" என்றார். தலையை ஆட்டி வைத்தேன்.

சாயங்காலம் மனைவி கதவைத் திறந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மகள் சுவரோரமாகப் படுத்திருந்தாள். நானே போய்ப் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டாம் வகுப்புப் புத்தகம், எழுத்து பெரிது பெரிதாக. எனக்கே சுலபம்.

"வேணாம்ப்பா" என்றாள். "நீ படிச்சா எனக்குள்ள ஏறிக்கும். அப்புறம் அவங்க கேப்பாங்க, நீ மனப்பாடம்னு சொல்லிடுவே."

விடக்கூடாது என்று நினைத்தேன். விரலை வைத்தேன், முதல் வரியை வாசித்தேன்.

அவள் எழுந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.